மாப்பிள்ளைப் பந்திக்கு வராத மீன்

தியாகதுருகத்தில் நான் இறங்கியிருக்கக் கூடாது. பேருந்தின் ஜன்னல் வழியாக ஒரு மலையும் அதன் தலையில் பழைய கோட்டைச் சுவரும் தெரிந்தன. கல்வராயன் மலை தெரிந்தால் கள்ளக்குறிச்சி வந்தாயிற்று என்று சொல்லியிருந்தார்கள். இதுதான் அது என்று நானே முடிவு செய்து, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பேருந்து போன பிறகுதான், வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரரிடம், "இதுதானே கல்வராயன் மலை?" என்று கேட்டேன்.

அவர் மலையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "இது துருகம்மா. கல்வராயன் இன்னும் மேக்கால போவணும். நீங்க எந்த ஊரு?"

"மலேசியா."

"அதான்" என்றார். போகும் ஊரைக் கேட்டறிந்து, இரண்டு பழத்தை என் கையில் வைத்து, அடுத்து வந்த டவுன் பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி, "கள்ளக்குறிச்சில எறக்கி வுடுப்பா, தூங்கிடப் போறாங்க" என்று நடத்துநரிடம் ஒப்படைத்தார்.

எங்கள் ஊர் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி. அங்கே குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள உணவுக்கடையில் சமைப்பவர் ஜாபர் பாய், கள்ளக்குறிச்சிக்காரர். தம்பி மகள் கல்யாணத்துக்குப் பயணச்சீட்டெல்லாம் வாங்கிவிட்டு, அடுப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, எங்க வீட்டு ஆளா நீங்க போய் நில்லுங்க. யாருமே வரலேன்னு தம்பி நினைக்கக் கூடாது" என்றார். ஒரு பெட்டி நிறைய பாத்தேக் என்னும் மெழுகுச் சாயத் துணியும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிட்டார். அதனால்தான், யாருடைய கல்யாணத்துக்கோ, யாரையும் தெரியாத ஊருக்கு நான் வந்து நின்றேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தம்பி ரஹீம் பாய் காத்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் மூன்று பேனா. கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். "இன்னாக்கா, ரெண்டு பஸ்சு வந்து போயிடுச்சு, நின்னுகினே இருக்கறேன். எங்க எறங்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்க அந்தக் கதை போய்விட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "துருகத்துல எறங்கினவங்க இவங்கதானா?" என்று விசாரித்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். எங்கள் ஊரில் இந்த அளவுள்ள வண்டியில் இரண்டு பேருக்கு மேல் ஏறினால் போலீஸ் நிறுத்தும். இங்கே ஒன்பதாவதாக ஒரு கூடைக் கோழியும் ஏறியது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

ரஹீம் பாயின் மனைவி ஷமீம், வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். பாயா, இடியாப்பம், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரைக் கண்டால் முதலில் மூக்கருகே கொண்டுபோவது என் பழக்கம். ஷமீம் அதைக் கவனித்துவிட்டார். "கேன் தண்ணிதாங்க. கெணத்துத் தண்ணி ஆவாது. மழ பேஞ்சா ஒரு மாதிரி புளிச்ச வாட வருது" என்றார். அன்று மாலை கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். நீர் நிறைய இருந்தது. துணி துவைக்கக்கூட அதை எடுப்பதில்லை என்றார்கள். நிறைய தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேனுக்கு ஆள் அனுப்புகிற வீடு.

மறுநாள் வீடு முழுக்கப் பூ, ஜவ்வரிசிப் பாயசத்துக்கு முந்திரி உடைக்கும் பெண்கள், சத்தம். மணப்பெண் ஆயிஷா கையில் மருதாணியோடு, ஒரு காரியமும் செய்ய முடியாமல் எனக்கு மலேசியாவைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மீன் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீடு எலவனாசூர்கோட்டை. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மலை மீன் என்றால் உயிராம். நிச்சயதார்த்தத்தன்றே, "கல்யாணத்துக்கு மலையாத்து மீன் உண்டுல்ல?" என்று கேட்டிருக்கிறார். முதல் பந்தியில் மாப்பிள்ளையோடு உட்காரும் பெரியவர்களுக்காவது அது வேண்டும் என்று ரஹீம் பாய் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"நாளைக்கி காலீல குட்டியானையில மலைக்கிப் போறேன்கா. வரீங்களா?"

யானை என்றதும் நான் கொஞ்சம் பயந்தேன், கொஞ்சம் ஆசையும் பட்டேன். காலையில் வாசலில் நின்றது ஒரு சின்னச் சரக்கு வண்டி. பின்னால் திறந்த பெட்டி. அதில் ஓர் ஐஸ் பெட்டியும் நாலு அலுமினிய அண்டாவும் இருந்தன. இந்த ஊரில் அதற்குப் பெயர் குட்டியானை. ஆயிஷா ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் காலையில் மறுபடி இட்டிருந்த மருதாணி ஒரு கையில் அழிந்துபோனது.

கச்சிராயபாளையம் வரை வயல்வெளி. கரும்பு, நெல், நடுநடுவே மரவள்ளி. வழியில் ஒரு மரவள்ளி மாவு ஆலையைத் தாண்டும்போது ரஹீம் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அப்படியும் அந்த வாடை உள்ளே வந்தது. ஷமீம் சொன்ன அதே புளிப்பு. ஆலைக்கு வெளியே ஓடையில் பால் போல ஏதோ ஓடியது. ஒரு கொக்கு அதன் கரையில் நின்றது, இறங்கவில்லை. "பழகிடுச்சிக்கா" என்றார் பாய். கோமுகி அணையைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். அணைக்குப் பின்னால் மலை நீலமாக எழுந்து நின்றது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் வண்டி சூடாகிப் புகை விட்டது. ரஹீம் பாய் இறங்கி மூடியைத் திறந்து, அதோடு பேசிப் பார்த்தார். அதற்குள் குரங்குகள் சுற்றி வந்துவிட்டன. ஒரு தாய்க்குரங்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை உட்புறம் வெளியே திருப்பி நக்கிக்கொண்டிருந்தது. குட்டி அந்தப் பொட்டலத்தின் ஓரத்தை மென்றது. சாலையோரம் முழுக்க இதே பொட்டலங்கள்தான். எங்கள் ஊர் மலைக்கோயில் படிகளிலும் இதே காட்சிதான். குரங்குகளுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஐஸ் பெட்டியைத் திறக்க ஒன்று முயன்றது. பாய் தொப்பியைக் கழற்றி வீசி விரட்ட, அது தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டுதான் மீதி வழி ஓட்டினார்.

மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊருக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஆனாலும் காற்று குளுமை. ஒரு சின்னக் கடையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். சாமைச் சோறு உதிரி உதிரியாக, நாக்கில் லேசாக இனிக்கிறது. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா, "இன்னும் கொஞ்சம் போடட்டா? கம்மியாத்தான துன்றீங்க" என்று மூன்றாவது தடவைக்கும் கரண்டியை நீட்டினார்.

பாய் சொல்லி வைத்திருந்த மீன்காரர் செல்வம் போனில், "நாலு மணிக்கி ரோட்டுக்கு வந்துடறேன் பாய், அங்கியே நில்லுங்க" என்றார். இன்னும் நேரம் இருந்தது. லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும், பக்கத்தில் ஆறு இருக்கிறது என்று பாய் வண்டியை ஒரு மண்பாதையில் இறக்கினார். நானும் கூடப் போனேன். மாசி மாதம். ஆறு என்றால் பாறைகளுக்கு நடுவே மெல்லிய ஓட்டம், அங்கங்கே மடு. நாங்கள் நின்ற மடு ஒரு வீட்டுக்கூடம் அளவு இருக்கும். அடி மணல் தெரியும் அளவு தெளிவு. இவ்வளவு தெளிவான நீரைப் பார்த்துப் பல காலம் ஆகிறது என்று மனதில் நினைத்தேன்.

பாய் கால்சட்டையை மடித்துக்கொண்டு பாறையில் குந்தினார். கையை நீட்டி நீரைத் தொடப் போனார்.

"தொடாதீங்க! வாயில ஊத்திடாதீங்க!"

எதிர்க்கரையில் ஒரு பெண் கையில் கோலோடு ஓடி வந்துகொண்டிருந்தார். அதே நொடியில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அந்த வாசனை என் மூக்கில் ஏறியது.

குளோரின். முப்பத்திரண்டு வருடம் என் கைகளிலும் சேலையிலும் மதியச் சாப்பாட்டிலும் இருந்த வாசனை. எனக்கு அது கெட்ட வாசனையே இல்லை. தண்ணீர் குடிக்கத் தயார் என்பதற்கான அடையாளம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, "அம்மா மேல தண்ணி வாசம்" என்பார்கள். அந்த வாசனை இந்தக் காட்டுக்குள் எப்படி வரும்?

"பாய், கையை எடுங்க. பின்னால வாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

பிறகுதான் கண்ணில் பட்டது. தெளிவு ஏன் என்று புரிந்தது. நீரில் எதுவுமே அசையவில்லை. பாறை இடுக்குகளில் விரல் நீள மீன்குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தன. நண்டுகள், இரண்டு தவளை, ஒரு தண்ணீர்ப்பாம்பு. ஒரு நண்டு மட்டும் நீரை விட்டு வெளியேறிப் பாறையில் ஏறி, காய்ந்த கல்லில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண் கல் தாவி எங்கள் பக்கம் வந்தார். பெயர் காசியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடுவுக்கு மேலே ஐந்தாறு வீடு உள்ள குடியிருப்பில் இருப்பவர். "விடியக்காலம் எவனோ பவுடர் கொட்டிட்டுப் போயிட்டான். கெணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடரு. பெரிய மீனா மெதந்தா அள்ளிகினு போயிடுவானுங்க. குஞ்செல்லாம் கெடக்குது பாருங்க" என்றார். "மாசத்துல மூணு வாட்டி. எங்க கன்னுக்குட்டி போன வாரம் குடிச்சிட்டு வாயெல்லாம் புண்ணு. ஒரு வாய் பால் குடிக்க மாட்டேங்குது. மாடு மட்டுமா? ராத்திரியில காட்டு மாடு வந்து குடிக்கிற எடம் இது. கரடி வரும். அதுங்களுக்கு யாரு போயி சொல்றது?"

"நீங்க எங்க தண்ணி எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் மடுவின் ஓரம், மணலில் தோண்டிய ஊற்றைக் காட்டினார். மடுவிலிருந்து பத்தடி. "இதான். இப்ப ரெண்டு நாளைக்கி மேல போயி, அருவிக்கிட்ட தூக்கியாறணும்."

என் கைப்பையில் எப்போதும் குளோரின் பார்க்கும் காகிதப் பட்டைகள் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஓட்டல் குழாயில் எல்லாம் நனைத்துப் பார்ப்பேன். ஒன்றை எடுத்து மடுவில் நனைத்தேன். நிறம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பட்டை வெள்ளையாகவே நின்றது.

ரஹீம் பாய் மூச்சு விட்டார். "ஒண்ணும் இல்லியேக்கா. வெள்ளையாத்தான இருக்குது?"

"அதிகமா இருந்தா இப்படித்தான் பாய். நிறத்தையே தின்னுடும்" என்றேன். என் குடிநீர் பாட்டிலின் மூடியில் ஒரு துளி மடு நீரையும் பத்துத் துளி நல்ல நீரையும் கலந்து, புதிய பட்டையை நனைத்தேன். இந்த முறை அது நாவல்பழ நிறத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது. வீட்டுக் குழாய்க்கு நாங்கள் விடுவது, பட்டையில் லேசான ரோஜா நிறம் காட்டும் அளவுதான்.

எங்கேயோ இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. மூவரும் கரையோரமாகத் தேடினோம். காசியம்மாள்தான் கண்டுபிடித்தார். பாறையில் கட்டிய நீல நைலான் கயிறு, அதன் மறுமுனையில் நீருக்குள் ஒரு சிமெண்ட் சாக்கு. கோலால் இழுத்து வெளியே போட்டார். பாதி காலி. மீதி வெள்ளைக் கட்டிகள். பாய் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மேலே போய் அருவி நீரில் ஒளு செய்து, பாறையில் துண்டு விரித்துத் தொழுதார். வழக்கத்தைவிட நீளமான தொழுகை என்று எனக்குப் பட்டது.

தொழுதுவிட்டு வந்தவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "அக்கா, செல்வம் கொண்டாற மீனு... இதுவா இருக்குமா?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "பாத்தா தெரிஞ்சிடும்" என்றேன்.

நாலு மணிக்கு சாலையில் செல்வம் பைக்கில் வந்து நின்றார். பின்னால் பெட்டி. முப்பது வயதுக்குள், ஒல்லி, இடுப்பில் பெல்ட் போல முதுகுவலிக்குக் கட்டும் பட்டை. திறந்து காட்டினார். கெண்டை, ஆரால், நல்ல பருமன். ஆனால் கண்கள் வெந்தது போல வெளுத்திருந்தன. ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கினேன். சிவப்பு இல்லை. குனிந்து முகர்ந்தேன். என் ஆய்வுக்கூடம் மணத்தது.

"எங்க புடிச்ச செல்வம்?" என்றார் பாய்.

"ஆத்துலதான் பாய். வல போட்டு."

எங்களோடு சாலைக்கு வந்திருந்த காசியம்மாள் அதுவரை வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். இப்போது முன்னால் வந்து, ஈரச் சாக்கைத் தரையில் போட்டார். நைலான் கயிறும் கூடவே விழுந்தது. செல்வத்தின் பைக் பெட்டியைக் கட்டியிருந்ததும் அதே நீலக் கயிறுதான். அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எல்லாரும்தான் போடறாங்க" என்றார் கடைசியில். "நெல்லு மில்லுல மூட்ட தூக்கிகினு இருந்தேன் பாய். முதுகு போச்சு. பாறைக்குள்ள வல போட்டா கிழியுது, ஒண்ணும் வுழாது. நான் ஒருத்தன் நிறுத்திட்டா ஆறு சுத்தமாயிடுமா?"

காசியம்மாள் கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். அவர் தணிந்த குரலில், "எங்க ஊத்து மடுவுக்குப் பக்கத்துலதான் இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார்.

செல்வத்துக்குத் தெரியாது என்று முகத்தில் இருந்தது. அல்லது இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை என்று இருந்தது.

ரஹீம் பாய் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். நாளை கல்யாணம். மீன் உண்டு என்று சம்பந்தி வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நேரத்துக்கு மேல் வேறு மலை மீனுக்கு எங்கே போவது? அவர் கை ஐஸ் பெட்டியின் மூடிமேல் போவதைப் பார்த்தேன். இது அவர் மகள் கல்யாணம், சொல்ல நான் யார்? மூடியை அவர் அழுத்தி மூடினார்.

"ஒளு செய்ய ஆவாத தண்ணியில செத்த மீனு. இத எப்டி நான் மாப்பிள்ள எலயில வெக்கிறது? வாணாம்பா."

"நீங்க வாங்கலேன்னா சின்னசேலத்துல குடுத்துடுவேன்" என்றார் செல்வம், யோசிக்காமல்.

"குடுக்க மாட்டே" என்றார் காசியம்மாள். அவர் வீட்டுப் பெண்கள் இருவர் ஏற்கெனவே வனத்துறைக்குப் போன் செய்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு வனக்காவலர் வந்தார். நிதானமான ஆள். சாக்கு, கயிறு, மீன், என் பட்டை எல்லாவற்றையும் பார்த்தார். "போன் பண்ணுவாங்க, வந்து பாத்தா தண்ணி ஓடிப்போயிருக்கும், ஒண்ணும் கெடைக்காது. இன்னிக்கித்தான் சாக்கோட கெடைச்சிருக்குது" என்றார். நடந்ததை எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். குட்டியானையின் முன்பலகையில் காகிதத்தை வைத்து, ரஹீம் பாயின் மூன்று பேனாக்களில் எழுதிய ஒன்றைக் கொண்டு எழுதினேன். காசியம்மாள் கையெழுத்துப் போட்டார். ரஹீம் பாய் போட்டார். என் கையெழுத்துக்குக் கீழே, 'மலேசியா' என்று எழுதச் சொல்லிக் காசியம்மாள் வற்புறுத்தினார். அப்படி இருந்தால் தூக்கிப் போட மாட்டார்களாம்.

எங்கள் நிலையத்தில் ஆற்று நீர் சில நாள் நாறிக்கொண்டு வரும். மேலே எவனோ எதையோ கொட்டியிருப்பான். நான் அளவை எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவேன். மதகை மூடுவார்கள், திறப்பார்கள். அந்த 'மேலே' எப்படி இருக்கும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து, வேறொரு நாட்டில், முதல் தடவையாக மேலே நின்றுகொண்டிருந்தேன்.

மீனைக் குழி தோண்டிப் புதைத்தோம். தோண்டியவர்களில் செல்வமும் ஒருவர். முதுகைப் பிடித்துக்கொண்டே தோண்டினார். பாதியில் பாய் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வனக்காவலர் செல்வத்தைப் பைக்கோடு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். வழக்கா அபராதமா என்பதை ரேஞ்சர்தான் முடிவு செய்வார் என்றார்.

வீடு திரும்பியதும் ஷமீம் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, வெறும் ஐஸ் கட்டிகளைக் கண்டு தலையில் கை வைத்தார். முழுக் கதையும் கேட்டார். பிறகு, "கத்திரிக்கா இருக்குது. நெத்திலி இருக்குது. ஜாபர் அண்ணன் குடுத்தனுப்பினது. பாத்துக்கலாம்" என்று எழுந்து போனார்.

மறுநாள் நிக்காஹ் முடிந்து முதல் பந்தி. பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. பெரியப்பா இலைக்கு முன் உட்கார்ந்து, பார்வையை இப்படியும் அப்படியும் ஓட்டினார். பெரிய மீசை, பெரிய குரல். "மீனு வந்துகினு இருக்குதா?" என்றார். பரிமாறுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். நான் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தேன். ஆயிஷாவும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

ரஹீம் பாய் அவர் எதிரில் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மடு, சாக்கு, ஊற்று, கன்றுக்குட்டி எல்லாம். "வாக்குக் குடுத்தேன், நெசம்தான். ஆனா அத உங்களுக்குத் துன்னக் குடுக்க மனசு வரல. மன்னிச்சிக்கணும்."

பெரியப்பா இலையைப் பார்த்தார். "நான் நிச்சயத்துல துன்னேனே," என்றார் மெதுவாக, "அதுவும் அவங்கிட்ட வாங்கினதுதானா?"

"ஆமாங்க."

அவர் மீசையைத் தடவினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. "அப்ப நான் கேட்டதாலதான..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "இன்னாப்பா நின்னுகினு இருக்க? தால்ச்சா ஊத்து, ஜாஸ்தியா ஊத்து" என்றார். பந்தி மூச்சு விட்டது. ஷமீம் வறுத்த நெத்திலியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டது அவர்தான். மலேசியா மீன் என்று யாரோ சொல்ல, "எங்க புடிச்சதாம்? விசாரிச்சீங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஆயிஷா என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் முழுவதும் விருந்து சாப்பிட்டே தீர்ந்தது. ரஹீம் பாயின் கடைக்கு வரும் சமையற்காரர்கள் மலை மீன் வேண்டுமென்றால் இதுவரை அவரிடம்தான் சொல்லி வைப்பார்கள். இப்போது, "வலையில புடிச்சதா, பவுடர்ல புடிச்சதா? செவுளத் தூக்கிப் பாக்காம வாங்காதீங்க" என்று அவர் ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுத்தார். ஒருவர், "உனக்கு இன்னா பாய் வந்துச்சு?" என்று எரிச்சலோடு போய்விட்டார். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். செல்வத்துக்கு அபராதம் போட்டார்கள் என்று தெரிந்தது. பெரிய அண்டாக்களைத் தூக்காமல், கணக்கு வைத்து எண்ணி வாங்கும் ஆள் ஒருவர் தேவை என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று ஷமீமுக்கும் எனக்கும் தெரியும். இன்னும் கேட்கவில்லை, கேட்பார்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளிமலை பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். காசியம்மாள் போன் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் கீழே இருந்து ஆட்கள் அதிகம் வருவார்களாம். அதனால் குடியிருப்புப் பெண்கள் முறை வைத்து மடுவுக்குக் காவல் உட்காருகிறார்கள். வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். கன்றுக்குட்டி பால் குடிக்கிறது என்பதையும் சொன்னார்.

வாரத்துக்கு நடுவில் மலையில் ஒரு மழை பெய்திருந்தது. மடுவில் ஓட்டம் கூடியிருந்தது. கரை ஈர மணலில் வட்டமாக, ஆழமாகக் குளம்புத் தடங்கள். "காட்டு மாடு. நேத்து ராத்திரி வந்துட்டுப் போயிருக்குது" என்றார் காசியம்மாள், சொந்தக்காரர் வந்து போனதைச் சொல்வது போல. பாறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சொம்பு சாமைக் கஞ்சி குடித்தோம். மேலே இருந்து ஓட்டத்தோடு இறங்கி வந்த சின்ன மீன்கள் மணலுக்கு மேல் கூட்டமாக நின்றன. நிழல் விழுந்தால் சிதறின, மறுபடி கூடின.

பதினொரு மணி வாக்கில் ஒரு கார் மண்பாதையில் இறங்கியது. நாலு ஆண்கள், கையில் பைகள், தின்பண்டங்கள். காசியம்மாள் எழுந்திருக்கவில்லை. கோல் மடியில் இருந்தது. அவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார்.

"யக்கா, இங்க மீனு கெடைக்குமா?"

"இருக்குது."

"எவ்ளோ?"

"குந்திப் பாருங்க" என்றார் காசியம்மாள். "பொட்டலமெல்லாம் வண்டியிலயே வெச்சிட்டு வாங்க."

விலை கேட்டவர் நண்பர்களைப் பார்த்தார். பிறகு பையைக் காரில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்து பாறையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள். எங்கோ இருந்து ஒரு மீன்கொத்தி நீலமாகப் பாய்ந்து நீரைத் தொட்டுப் பறந்தது. வாயில் ஏதோ மின்னியது. "டேய், புடிச்சிட்டுதுடா!" என்று அவர்களில் ஒருவர் சின்னப் பிள்ளை போலக் கத்தினார்.

"சும்மா இருங்க, மீனு ஓடிடும்" என்றார் காசியம்மாள்.

ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.